உரும்பிராய்ச் சீட்டு

மழை சொல்லாமல் வந்தது. தக்சாயினியின் ஸ்கூட்டியோ இரண்டு முறை இருமிவிட்டு, உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிட்டது.

நனைந்த சேலையோடு அவள் அதைத் தள்ளிக்கொண்டு நுழைந்த வாகனத் திருத்தகத்தில் மெக்கானிக் ஜெயரூபன் மட்டுமே இருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கரி படிந்த முகத்தில் கண்கள் மட்டும் அந்த மழையிலேயே கழுவி எடுத்தவை போல... அவள் அவசரமாகத் தலைப்பைப் பிழியத் தொடங்கினாள்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவள் கூலி ரூபாய்க்குப் பதிலாக ஒரு தாளை நீட்டினாள். வெங்காயப் பூவின் படம் அச்சிட்ட தாள். பொருளியல் விரிவுரையாளரான அவளே உருவாக்கியது. கையில் ரூபாய் இல்லாத நாளிலும் ஊருக்குள் வேலை நிற்கக் கூடாது என்பது அவள் ஆசை. ஒருவர் தோட்டத்தில் இன்னொருவர் புல்லுப் பிடுங்கினால் ஒரு சீட்டு. அதைக் கொடுத்துப் பாலும் வாங்கலாம், பிள்ளையை ரியூசனுக்கும் விடலாம். நாற்பது குடும்பங்கள் சேர்ந்திருந்தன.

ஜெயரூபன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உந்தத் தாளை நீங்களே அடிச்சனீங்களோ, மிஸ்?”

“ஓம்.”

“அப்ப நானும் ஒண்டு அடிக்கலாம்... என்ன படம் போடுறதெண்டுதான் யோசினை.”

“உங்கடை முகத்தைப் போடுங்கோ. ஒருத்தரும் வாங்க மாட்டினம்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் ரூபாயை மேசையில் வைத்துவிட்டு மழைக்குள்ளேயே புறப்பட்டாள். கோபம்தான். ஆனாலும் வீடு வரைக்கும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது...

அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் நடந்த சீட்டுக் கூட்டத்துக்கு அவனும் வந்தான். கடைசியில் எழுந்து நின்றான். தன் அப்பா ஒரு கொம்பனியை நம்பிச் சேமிப்பையெல்லாம் போட்டதையும், நடத்தியவர் வெளிநாடு போய்விட்டதையும் சொன்னான்.

“நீங்களும் போனால் இதுக்கு ஆர் பொறுப்பு, மிஸ்?”

தக்சாயினி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மெல்பேர்னிலிருந்து வந்த வேலைக் கடிதம் அதற்குள் இருந்தது. அம்மா அதைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியும் விட்டிருந்தார். அந்த வாரமே பதினொரு குடும்பங்கள் விலகின.

மூன்று வாரம் அவள் திருத்தகம் இருந்த தெருவால் போகவில்லை. சபையில் தலைகுனிய வைத்துவிட்டானே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெங்காயத் தோட்டக்காரி சின்னாச்சியைத் தலைவியாக வைத்து ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் தங்கள் விளைச்சலையே ஈடாக வைப்பதாக ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். விலகியவர்களில் ஒன்பது குடும்பங்கள் திரும்பி வந்தன. பிறகு மெல்பேர்னுக்கு மறுப்பு எழுதினாள். அம்மா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, தூறலுக்குள் திருத்தகத்தின் முன் போய் இறங்கினாள். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இனித் தான் இல்லாவிட்டாலும் சீட்டு ஓடும் என்றாள். தான் போகவில்லை என்பதையும் சொன்னாள்.

அவன் கையைத் துடைத்தபடி கேட்டான்.

“நீங்கள் இல்லாமலும் ஓடுமெண்டால்... பிறகேன் நிக்கிறியள்?”

அவள் முகம் சூடாகியது. கூரைத் தகரத்தில் தூறல் படபடத்தது.

“நான் சொல்லுறன்,” என்றான் ஜெயரூபன். குரல் இறங்கியிருந்தது. “அப்பாவின்ரை கதை உண்மை. ஆனால் அண்டைக்கு நான் எழும்பினது அதுக்காக இல்லை. நீங்கள் வெளிநாடு போகப் போறியளெண்டு ஊருக்குள்ளை கதைச்சவை. கேட்ட நேரம் தொடக்கம் எனக்கு வேலை ஓடேல்லை... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

தக்சாயினி நிமிர்ந்தாள். இந்த முறை அந்தக் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“எனக்கும்தான்,” என்றாள் மெல்ல. “வீட்டை வந்து அம்மாவோடை கதையுங்கோ. அவ இன்னும் கோபத்திலைதான் இருக்கிறா.”

“மகளின்ரை கோபத்தைவிடப் பெரிசோ?”

“வந்து பாருங்கோவன்...”

அவன் கடைக் கதவை இழுத்துப் பூட்டினான்.