ஜோஸ்பின் பாடுகிற நாலு வரி

பாகூர் ஏரிக்கரையில் எடுத்த பாட்டு வீடியோவில் ஏழாம் வகுப்பே இருந்தது. பாட்டைப் பாடிய ஜோஸ்பின் மட்டும் இல்லை.

பாட்டைப் போன வாரமே பள்ளியில் பதிவு செய்துவிட்டார்கள். அப்புறம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. எல்லாரும் ஏரிக்குப் படம் எடுக்கப் போன நாளில், பாவம், அவள் வீட்டில் வேப்பிலையால் முதுகைத் தடவிக்கொண்டு கிடந்தாள்.

வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை அருள்மொழிக்கு. சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் போனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு என்று வந்த கலைவேந்தன் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஆறு மணிக்குள் வகுப்பாசிரியர் மணிவண்ணன் சாருக்கு அனுப்பியாக வேண்டும்.

“ஜோஸ்பின் தனியா பாடுற நாலு வரிக்கு இன்னாடா காட்டுறது?” என்று கேட்டாள் அருள்மொழி.

“நம்ம கிளாஸ் இளவரசிய வாயசைக்க வெச்சு எடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போவுது?”

அருள்மொழி ஜோஸ்பினுக்கு போன் போட்டு இதைச் சொன்னாள்.

“சரி. எம் மூஞ்சி முழுக்கக் கொப்புளம். வேற யாரையாச்சும் வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின் போனை வைத்துவிட்டாள்.

அருள்மொழி போனையே பார்த்தாள். அந்தச் ‘சரி’ சரியாகவே இல்லை.

“வேணாம்பா. கொரலு அவளுது, வாய் மட்டும் இன்னொருத்தியுதா?” என்றாள்.

“அப்போ இன்னாதான் காட்டுவே? வெறும் தண்ணியவா?”

அதற்குள் போன் வேறு, வீடியோவைச் சேமிக்க இடமில்லை என்று முரண்டு பிடித்தது. கலைவேந்தன் எட்டிப் பார்த்தான்.

“இதோ பதினோரு நிமிஷம் ஓடுதே! ஆஃப் பண்ண மறந்து மதகு மேல வெச்சுட்டுப் போயிட்டே. வேஸ்ட்டு. அழிச்சுடு.”

அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அருள்மொழி அதைத் திறந்தாள்.

முதலில் வெறும் ஏரி. தண்ணீருக்குள் வெள்ளை மேகங்கள் மெதுவாக நகர்ந்தன. கரையில் எல்லாரும் ஓடிப் பிடித்து விளையாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒத்திகைக்காக ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். ஜோஸ்பினின் குரல் வந்தது.

*மேகம் இறங்கித் தண்ணி குடிக்குது*
*மெல்லப் பேசு காத்தே*
*தாகம் தீர்ந்து தூங்கும் நேரம்*
*தள்ளி வீசு காத்தே*

ஓடியவர்கள் நின்றார்கள். ஒரு சடையைப் பின்னி முடித்த இளவரசி, மறு சடையைக் கையில் பிடித்தபடியே தண்ணீரைப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கலைவேந்தன் திறந்த வாய்க்கு முன்னால் கொய்யாவைப் பிடித்தபடி அப்படியே நின்றான். நாலு வரியும் முடிந்த பிறகுதான் கடித்தான்.

அருள்மொழி அதை மூன்று தடவை பார்த்தாள். அறையே ஏரியாக மாறி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் ஏரிக்காற்றைத்தான் வீசுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“பாடுறவள காட்ட முடியாட்டி இன்னா?” என்று மெல்லக் கேட்டாள். “கேக்குறவங்கள காட்டலாமே!”

“ஐயோ, எம் மானம் போவுது! அந்த வாய்க்குள்ள கொக்கே கூடு கட்டிடும். என்னை மட்டும் வெட்டிடு!”

“மாட்டேன் போடா.”

இடம் வேண்டுமே என்று, கலைவேந்தன் கோணல்மாணலாக ஆடிய மூன்று துண்டுகளை அழித்தாள். நாலு வரிக்கும் அந்த முகங்களைக் கச்சிதமாக ஒட்டினாள். சாருக்கு அனுப்புவதற்கு முன் ஜோஸ்பினுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

“அருளு... நான் பாடும்போது எல்லாரும் இப்பிடியாடி நின்னீங்க?”

“ஆமாண்டி. யாருமே நடிக்கல.”

“கலைவேந்தன்கூடவா? கொய்யாவையே மறந்துட்டானே!”

ஜோஸ்பின் சிரிக்க ஆரம்பித்தாள். கொப்புளம் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

கலைவேந்தன் கையிலிருந்த கொய்யாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு போன் பக்கம் குனிந்து பெரிய மனது பண்ணிச் சொன்னான்:

“அந்த சீன் இருக்கட்டும் அருளு. வெட்டுனா அவ பாட்டு கெட்டுப்பூடும்.”