இரண்டு விரல் வெண்டை

காலையிலிருந்து வருவேனா மாட்டேனா என்று விளையாட்டுக் காட்டிய மழை, பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜமுனா வந்து நின்ற நேரம் பார்த்துக் கொட்டியது. பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டி வேகமாக வந்து, பள்ளத்துத் தண்ணீரை முழுசாக அவள் மேல் வாரி இறைத்தது.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா இருக்கு?"

வண்டி நின்றது. இறங்கியவன் சட்டையெல்லாம் செம்மண். பேர் துளசிங்கம், காட்டூர்க்காரன், மண்ணும் எருவும் ஏற்றி விற்கிறவன்... இதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது அந்தக் கண்கள் மட்டும்தான். திட்டு விழப் போகிறது என்று தெரிந்தும் சிரிக்கிற கண்கள்!

அவள் கையிலிருந்து நழுவிய நோட்டைச் சேற்றிலிருந்து எடுத்தான். சட்டையில் துடைத்தான். அதில் இன்னும் கொஞ்சம் மண் அப்பிக்கொண்டது. பிரித்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

"'வெண்டை, ஒம்பதாம் நாள், ரெண்டு விரல். கீரை, அரை விரல். கத்திரி, இப்பத்தான் தலை தூக்குது...' இன்னாங்க இது? ஊட்ல ஸ்கேல் இல்லியா?"

"வலைக் கண்ணியவே நாங்க விரல்லதான் அளப்போம். செடி இன்னா அதவிட ஒசத்தியா? குடுங்க."

"யாரு விரலு, உங்க விரலா? ரொம்ப சின்னதா கீதே... எங்க ஊரு வெண்டை கோச்சுக்கும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். சிரிப்பு கேட்டால்தானே... கடைசியாக எப்போது சிரித்தோம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகு யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் போட் உடைந்து அவள் அப்பா, அவளுடைய நைனா, போய்ச் சேர்ந்தார். ஏரியில் வலை போட முறை வைத்து 'பாடு' பிரிப்பார்கள். ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. மிஞ்சியது அம்மா காசியம்மாளும், நைனாவின் உடைந்த ஃபைபர் போட்டும். குப்பத்து மண்ணில் உப்பைத் தவிர எதுவும் விளையாது. அதனால் அந்தப் போட்டையே முற்றத்தில் கிடத்தி, அடியில் ஓட்டை போட்டு, விலைக்கு வாங்கிய மண் நிரப்பிப் பாத்தியாக்கியிருந்தாள். விதை போட்ட முப்பதாம் நாள் பொன்னேரி தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார். செடிகள் தேறியிருந்தால், சுற்றியுள்ள குப்பங்களுக்குப் பாத்தி போடக் கற்றுத்தருகிற வேலை அவளுக்கு. இல்லையென்றால் நெல்லூர்ப் பக்கம் இறால் கம்பெனி. ஹாஸ்டல். இரண்டு வருஷம். அம்மா இங்கே தனியாக...

பன்னிரண்டாம் நாள், நோட்டு அட்டையில் பார்த்த பேரை விசாரித்துக்கொண்டு வாசலில் குட்டியானை வந்து நின்றது.

"நோட்ட நனைச்சதுக்கு" என்று இரண்டு மூட்டை எருவை இறக்கினான் துளசிங்கம்.

"நாங்க கேட்டமா?"

"வெண்டை கேட்டுச்சுங்க. மூணு விரல் ஆயிருக்கும்னு ஒரு கணக்கு. சரியா?"

சரிதான். மூன்று விரல்! அந்தப் பெரிய கைகள் ஒரு நாற்றும் அசங்காமல் எருவைப் பரப்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைய கணக்கில் அளவெல்லாம் எழுதிவிட்டு, 'வந்தார்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினாள். எழுதியதும் வெட்கம் வந்து நோட்டை மூடிவிட்டாள்.

ஆனால் பதினான்காம் நாள் வெண்டை இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியது. பதினாறாம் நாள் கீரை படுத்துவிட்டது. பதினெட்டு... வெண்டை அதே மூன்று விரல். அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை.

பத்தொன்பதாம் நாள் வாசலுக்கு எதிரே தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது அவன் வந்தான், அதே சிரித்த கண்களோடு.

"வாய்யா வா! இன்னாத்த கொண்டாந்து கொட்டுன? எல்லாம் கருகிப் போச்சு! உன்னை யாரு கேட்டாங்க எருவு?"

துளசிங்கத்தின் முகம் சிவந்தது. "எங்க ஊரு எருவு அப்டி செய்யாதுங்க" என்று பாத்தியருகே குனிந்தான். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தான். நிமிர்ந்தான். பாத்தியின் அந்தப் பக்கம் காசியம்மாள் நின்றிருந்தாள், பொட்டென்று போய்விடுவாள் போன்ற முகத்தோடு. அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமாங்க... எருவு சரியா மக்கல. என் தப்புதான்" என்றான். "நாளைக்கே வேற மண்ணு கொண்டாறேன். எல்லாத்தயும் மாத்தி நட்டுடலாம். அதுவரைக்கும் பைப் தண்ணி தவிர எதுவும் ஊத்தாதீங்க."

"உன் மண்ணும் வேணாம், நீயும் வேணாம். போ!"

போய்விட்டான்.

அதற்குப் பிறகு தினமும் அளந்தாள். தினமும் எழுதினாள். 'மாற்றமில்லை', 'மாற்றமில்லை', 'கத்திரி செத்தது'. ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிப் போடும்போது அவன் மேல் ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று வலித்தது. அதற்குப் பேர் வைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் விடியலில், வழக்கமாகப் போகும் மீன் ஏலத்துக்கு அவள் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது என்று சுருண்டு படுத்திருந்தாள். முற்றத்தில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அம்மா அன்னக்கூடைப் பாத்திரத்தைத் தூக்கிப் பாத்தியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அது?"

"கருவாட்டுக்கு உப்புல போட்ட மீனை அலசுன தண்ணிடி. மீன் தண்ணி ஊத்தித்தான நம்ம முருங்கை அப்டி காய்க்குது? மொளச்ச நாள்லேந்து தெனம் ஊத்தறேன். வாடுதேன்னு இப்ப ரெண்டு வேளை..."

ஜமுனா மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஏரித் தண்ணீரின் அதே உப்பு! அம்மா ஆசையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா போனதற்கே இன்றுவரை தன்னைத்தான் நொந்துகொள்கிறவள்...

"நல்லதும்மா" என்றாள். அன்றைக்கு மண்ணை ருசித்துவிட்டு அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது அப்போதுதான் புரிந்தது.

முப்பதாம் நாள் மேடம் வந்தார். காய்ந்த மூன்று வெண்டைக் குச்சிகளைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார். அடுத்த வருஷம்!

சாயங்காலம் மீன் மார்க்கெட் பக்கம் அவன் வண்டியைத் தேடிப் போனாள் ஜமுனா. மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே அவன் எதிரில் போய் நின்றாள்.

"நாளைக்குக் காலைல கம்பெனி வேன் வருது."

தூக்கிய மூட்டையை அவன் கீழே இறக்கி வைத்தான்.

"எங்கம்மா ஊத்துன தண்ணிதான்னு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். மண்ணு பூரா மீன் செதிலு மின்னுச்சு."

"அப்றம் ஏன் உங்க தப்புன்னீங்க? ஊரே பாக்க அவ்ளோ பேசினேனே..."

"அம்மா மேல கோவம்னா ஒரே ஊட்ல உங்களுக்கு சோறு எறங்குமா? எம்மேலன்னா எனக்கு இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன்..." அவன் குரல் உடைந்தது. "ஆயிடுச்சுங்க. பதினோரு நாளா உங்க குப்பத்துப் பக்கம் வண்டிய திருப்பவும் முடில... திருப்பாம இருக்கவும் முடில."

"அம்மாகிட்ட நானும் சொல்லல. சாவற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"வேற மண்ணு கொண்டாறேன்னு சொன்னீங்களே... அன்னிக்கே சரின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா..." மழையில் அவள் குரல் பாதிதான் கேட்டது. கேட்பதற்காக அவன் கிட்டே வந்தான். "அம்மாவ வுட்டுட்டு நான் போவ வேண்டி வந்திருக்காது. உங்கள வுட்டுட்டும்தான்..."

சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. நைனாவைக் கரைக்குக் கொண்டுவந்த அன்றைக்குக்கூட வராத அழுகை. அவன் தடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கும் வரைக்கும் கூடவே நனைந்துகொண்டு நின்றான்.