ஆள் குறைந்த சஹன்

லெப்டொப் திரையின் ஆறாவது பெட்டியில் முகம் இல்லை. காப்புப் போட்ட ஒரு கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஆரது? கெமராவைக் கொஞ்சம் நிமித்துங்ககா," என்றாள் றஸீனா.

கை நிற்கவில்லை. நல்ல பசிபோல என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டவள் அவள்தானே!

நாட்டில் சண்டை முடிந்த மறு வருஷம் ஏதோவொரு நிறுவனம் கரையோரத்துப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு லெப்டொப் கொடுத்து, ஒன்லைனில் கணக்கியல் படிப்பிக்க ஏறாவூர் றஸீனாவைப் பிடித்துப் போட்டிருந்தது. பாடம் நடந்தது, வகுப்புத்தான் ஒட்டவில்லை. ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பெட்டி, சுவரோடு கதைத்தமாதிரி. குருக்கள்மடத்து வதனி வாயே திறக்கமாட்டாள். அவளுடைய அக்காவைச் சுனாமி கொண்டுபோயிருந்தது, மையித்தும் கிடைக்கவில்லை. ஸஹீதா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். மிச்சப் பேரும் உதிர்ந்துவிடுவார்களோ என்று றஸீனா பயந்தாள்.

அப்போதுதான் இந்தச் சஹன் யோசனை. கல்யாண வீட்டில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தித் தின்றபிறகு அவர்கள் அந்நியராக இருக்க முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்! பாடம் முடிய எல்லாரும் சோற்றுப் பீங்கானைக் கெமராவுக்கு முன்னால் வைத்து ஒன்றாகத் தின்னவேண்டும் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பகிடி பண்ணினார்கள். வதனிகூட, "உப்புக் கூடிற்று ரீச்சர்," என்று மீன்குழம்பைக் காட்டினாள். றஸீனாவின் மடியில் இருந்து ஒரே பீங்கானில் தின்கிற மகள் றிஸ்லாவுக்குப் பெருநாள்தான். வாப்பா கட்டாரில்; அந்த வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்.

சஹனில் ஆள் குறைந்தால் ரோட்டால் போகிறவரையும் கூப்பிட்டு இருத்துவார்கள். ஸஹீதாவின் வெறும் இடத்தைப் பார்த்ததும் பழக்கதோசம், றஸீனாவின் வாயிலே வந்துவிட்டது: "ஒராள் குறையுது! ஆராயிருந்தாலும் வந்து இருங்க!"

பொழுது படுகிற நேரம். வாவிப்பக்கத்து ஜன்னல் திறந்து கிடந்தது. பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துகிற வேளையில் எந்தப் புத்திகெட்டவள் இப்படிக் கூவுவாள்?

அன்றைக்கு ஆறாவதாகத் திறந்த பெட்டி பிறகு தினமும் திறந்தது. முதலில் வெறும் இரைச்சல்தான். நாள் போகப்போக அந்த இரைச்சலுக்குள் மணலில் தண்ணீர் ஏறி வடிகிற சத்தமும், ஈரச் சோற்றை உறிஞ்சுகிற சத்தமும் பிரிந்து கேட்டன, வாவிக்கரைக் கண்ணாக் காட்டுச் சேற்றின் வீச்சம் லெப்டொப்புக்குப் பின்னாலிருந்து கிளம்பி அறையெல்லாம் நின்றது, எத்தனை தரம் துடைத்தாலும் எழுத்துக்கட்டைகளின் இடுக்கில் மணல் நெருநெருத்தது.

ஸஹீதாதான் திரும்பி வந்திருக்கிறாளாக்கும் என்று போன் எடுத்துக் கேட்டாள்.

"நானா? நான் லெப்டொப்பை அப்பவே திருப்பிக் குடுத்திட்டனே ரீச்சர்."

றஸீனா போனை வைத்தாள்.

அன்று பின்னேரம் அவள் அந்தப் பெட்டியை மூடினாள். திறந்தது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தது.

"உம்மா, அந்தக் காப்புப் போட்ட ராத்தா எனக்குக் கை காட்டுறா," என்றாள் றிஸ்லா, மடியில் இருந்தபடி.

"பார்க்காத மகள்!" பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "புள்ளைகள், இண்டைக்குச் சாப்பாடு வேணாம். எல்லாரும் மூடுங்க."

"மூடாதீங்க ரீச்சர்!" வதனி திரையோடு முகத்தை ஒட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். "அந்தக் காப்பைப் பாருங்க. அது எங்கட அக்காட. அவ இன்னும் திண்டு முடியல்ல."

கை நின்றது. பீங்கானை வழித்தது. விரல்களை ஒவ்வொன்றாக நக்குகிற சத்தம்.

மற்றப் பெட்டிகள் அணைந்தன. ஒன்று. பிறகு ஒன்று. வதனியும் போனாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் காற்று. உப்புக் காற்று.

"வயிறு நிறைஞ்சிற்று," என்றது ஒரு குரல், தொண்டைக்குள் தண்ணீரோடு. "கூப்பிட்டு இருத்தினீங்க, சந்தோசம். இனி எங்கட முறை. எங்களுக்கும் ஒராள் குறையுது."

"இல்ல," என்றாள் றஸீனா. "இல்ல, நாங்க வரமாட்டம். யா அல்லாஹ்—"

மடி லேசாகிவிட்டது.

குனிந்து பார்த்தாள். வெறும் சீலை. ஈரம்.

"றிஸ்லா!"

திரையில் அந்தக் கெமரா மெல்ல நிமிர்ந்தது. பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கடியில் பெரிய தட்டொன்று. சுற்றிவரப் பெண்கள், மயிர் மேலே மிதக்க, நெருக்கி நெருக்கி இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே றிஸ்லா. காப்புப் போட்ட கை மணலைக் கவளமாக உருட்டி நீட்டியது. பிள்ளை வாயைத் திறந்தாள்.