ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு சாட்சி!

பாண்டுரங்கன் செத்துக் கிடந்தார்.

சென்னையை அடுத்த ஒரகடத்தில், தன் வாடகைக் கார் ஷெட்டிலேயே... பக்கத்தில் ரத்தம் தோய்ந்த வீல் ஸ்பேனர்!

மூன்று மணிக்கு, அவரிடம் கார் ஓட்டும் நிர்மலைப் போலீஸ் அள்ளியது. மூன்றரைக்கு அவன் மனைவி ஜாய், கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஸ்டேஷனுக்குள் பாய்ந்தாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரர வுடுங்க!"

இன்ஸ்பெக்டர் செங்கமலம் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, மாவு மில்லுல வெச்ச தூக்குவாளிய கேக்குற மாதிரி கேக்குற? நாளைக்கு ட்ரிப்போட உன் வேல முடிஞ்சிதுன்னு நேத்து பாண்டுரங்கன் இவனாண்ட சொல்லிகீறாரு. இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு மண்ட ஒடஞ்சிகீது. கேமராவுல டைம் கீது. மூஞ்சிதான் தெரில... ஹெல்மெட்டு!"

"அப்போ இவரு ஏர்போர்ட்டுல இருந்தாரு மேடம்! ஃப்ராங்க்ஃபர்ட்டுலருந்து எங்க இன்ஜினியர் வந்தாரு. கம்பெனில டிக்கெட், வண்டி எல்லாம் நான்தான் பாக்குறேன். நாந்தான் இவர அனுப்பினேன்!"

மேஜை மேல் நிர்மலின் ட்ரிப் ஷீட், போய்வந்த நேரமெல்லாம் எழுதியபடி.

"பன்னெண்டு அம்பதுக்கு ப்ளேன் எறங்குச்சு மேடம்," என்றான் சுவரோரம் நின்ற நிர்மல். "போர்டுல கண்ணால பாத்தேன். ரெண்டு மணி வரைக்கும் நின்னேன். ஆளு வரல."

"அந்த இன்ஜினியரு, வண்டியே இல்லன்னு டாக்ஸி புடிச்சி வந்தேன்னு போன்ல சொல்றாரே?" என்றார் செங்கமலம்.

"கூட்டத்துல மிஸ் ஆயிருக்கும்."

ஜாயால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் மேடம்! பத்து மணி நேரம் இருவது நிமிஷம். நம்ம டைமுக்கு ராத்திரி ரெண்டரைக்கு கெளம்புனா, பன்னெண்டு அம்பதுக்கு இங்க. இருங்க, எறங்குன டைமே போன்ல காட்றேன்!"

"ஏய் ஜாய்... அதெல்லாம் இன்னாத்துக்கு? வுடு!"

"நீங்க சும்மா இருங்க!"

திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது... 'ஏசப்பா, காப்பாத்து!' எழுத்து வந்ததுமே, படிக்கக்கூட நிற்காமல் போனை நீட்டினாள்.

செங்கமலத்தின் புருவம் ஏறியது.

"பதினொண்ணு நாப்பது!"

"இ... இன்னா?"

"ஒம்பது மணி நேரம் பத்து நிமிஷத்துல வந்துட்டுதாம்."

"காத்து... பின்னாலருந்து தள்ளுனா சீக்கிரம் வந்துரும் மேடம்..."

ஜாய் வாயை மூடுவதற்குள் வார்த்தை வந்துவிட்டது!

செங்கமலம் மெல்லத் திரும்பினார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னாடியே எறங்குன ப்ளேன, நீ எந்த ஊரு போர்டுலடா பாத்த?"

நிர்மல் பாய்ந்தான், மனைவி மேல்!

"நீதானடி அந்த டைம் எழுதிக் குடுத்த! அத பாத்துதான காலைலயே ஷீட்ட..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒரகடம் டிரைவர்களின் பழக்கம்தான். வண்டி எடுக்கும் முன்பே ட்ரிப் ஷீட்டை முழுசாக நிரப்பி வைத்துவிடுவார்கள்.

"அப்போ... ஏர்போர்ட்டுக்கே போவலியாங்க?" ஜாயின் குரல் உடைந்தது.

நிர்மல் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"மேடம்... பெயில் எப்ப கெடைக்கும்?"

செங்கமலம் விலங்கைப் பூட்டினார்.

"அது இன்னா ப்ளேனாடா... சீக்கிரம் வர்றதுக்கு!"