கவைக்குக் கீழே

காலையில் வரக்காப்பி டம்ளரை நீட்டும்போது இராசாத்தி தன் மகளை "அக்கா" என்றாள்.

தமிழ்மதி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அம்மா அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். நாக்குப் பிசகு. ஹோம்ஸ்டேக்கு வருகிற பொம்பளைகளை எல்லாம் நாள் முழுக்கத் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்று அக்கா அக்கா என்று கூப்பிடுகிற வாய்க்கு, வீட்டுக்குள் வந்ததும் மாற்றிக்கொள்ளவா தெரியும் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே வழக்கமான கோபமும் கிளம்பியது. ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை நாலு பங்கு. பிறகுதான் அம்மாவின் தலையைப் பார்த்தாள். நாற்பத்திநாலு வயசுத் தலை, முன்நெற்றியில் நரை ஓடிய தலை, எண்ணெய் வழிய வாரி இரட்டைச் சடையாகப் பின்னி மடித்துக் கட்டியிருந்தது.

"என்னம்மா இது கோலம்?"

இராசாத்தி சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நல்லா இல்லையாக்கா?"

செடியை வெட்டி அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

பெருமாள்மலைக்கு மேலே, ரோட்டிலிருந்து பிரியும் எஸ்டேட் பாதையின் முடிவில் அந்த பங்களா. அதன் பின்னால் ஒரு காலத்தில் பத்து அறை லயம் இருந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் குடியிருந்த வரிசை வீடு. பங்களாவை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கிய ஃபவாஸ் ஒன்பது அறையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினான். மிச்சம் ஒன்றில் இராசாத்தியும் மகளும். லயம் போனாலும் லயத்துக்குப் பின்னால் இருந்த மர ஊமத்தை வரிசை போகவில்லை. பதினோரு செடி. டூரிஸ்டுகள் ஏஞ்சல் ட்ரம்பெட் என்பார்கள். முழ நீளத்துக்கு வெள்ளைப் பூ, எல்லாமே தரையைப் பார்த்துத் தொங்கும். பகலில் வாசனை இருக்காது. வெயில் இறங்கியதும், யாரோ ஈரத்தலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி, ஒரு இனிப்பு மூக்குக்குள் ஏறும். ஜன்னலைச் சாத்தினாலும் பாயில் இருக்கும், தலையணையில் இருக்கும், விடியும்போது வாயில் இருக்கும்.

"சீசனுக்குள்ள இதெல்லாம் ஆர்ச் ஷேப்புல வரணும் மதி. கெஸ்ட் உள்ள நடந்து போட்டோ எடுக்கணும்," என்றான் ஃபவாஸ். "அது ஓகே ஆச்சுன்னா நீ சூப்பர்வைசர். உங்கம்மா அதுக்கப்புறம் துடைப்பத்தைத் தொட வேணாம். ப்ராமிஸ்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் தமிழ்மதி கிளை வெட்டுகிற கவாத்துக் கத்திரியை எடுத்தாள். நாலு வருசம் தோட்டக்கலை படித்தவள். அவள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா குனிந்து கூட்டியதில் படித்த படிப்பு. அந்த முதுகை நிமிர்த்தாமல் இந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்ய. வரிசையின் முனையில் ஒரு பலகைகூட நட்டாள்: 'தோட்டப் பொறுப்பு: தமிழ்மதி, பி.எஸ்சி.' ஃபவாஸ் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஐந்தாவது செடியைக் காட்டி அவன், "அது என்ன பேய் மாதிரி சாஞ்சு கெடக்கு? புதன்கிழமை ஜேசிபி வருது, புடுங்கி எறிஞ்சிரு," என்றான்.

"புடுங்க வேணாம் சார். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுறேன். அடிமரம் உயிரோடதான் இருக்கு, புதுசா வரும்."

அன்று ராத்திரி சோறு போடும்போது இராசாத்தி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள், "அது என்னுதுத்தா. அதுல கை வைக்காத."

"உன்னுதா? பட்டா இருக்கா?"

"நான் பொறந்தப்ப எந் தொப்புள்கொடியப் பொதச்சு, மேல நட்ட கம்பு அது. லயத்துல எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான். வேற எதை நட்டாலும் காட்டுமாடு மேஞ்சிரும், இது வெசம், வாய் வைக்காது. ஆறாவது உன்னுது. என் செடியில ஒடிச்சு வச்சது. நாலாவது உன் மாமன் அழகரோடது. மேல கெளைய வெட்டு, நான் ஒண்ணும் சொல்லல. கவைக்குக் கீழ மட்டும் இரும்பு படக் கூடாது."

"பட்டா என்னாகுமாம்?"

"யாருக்குத் தெரியும். யாரும் வெட்டுனதில்ல."

"நல்லவேளை, இதை ரெக்கார்டு நோட்டுல எழுதல. ஃபெயில் போட்டிருப்பாங்க."

இராசாத்தியும் சிரித்துவிட்டாள். அதுதான் பிறகு தமிழ்மதிக்குத் தாங்கவில்லை. அம்மா சிரித்தது.

கவை என்பது என்ன என்று அவளுக்கு அம்மாவைவிட நன்றாகத் தெரியும். மர ஊமத்தை ஒரே தண்டாக ஓர் ஆள் உயரம் போகும், பிறகு இரண்டாகப் பிரியும். பிரிகிற இடம் கவை. கவைக்கு மேலேதான் பூ. இலையைப் புரட்டினாலே தெரியும்: மேலே இருக்கிற இலையின் அடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும், கீழே இருக்கிறது இரண்டு பக்கமும் சமம், குழந்தை இலை. மேலே வெட்டினால் அந்த வருசமே பூக்கும். கீழே வெட்டினால் செடி தான் பூத்ததையே மறந்துவிடும். மறுபடி ஒற்றைக் குச்சியாக, முதலிலிருந்து கிளம்பும். அவளே நோட்டில் எழுதியிருக்கிறாள், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு: இளமைக்குத் திரும்பும்.

ஜேசிபி பிடுங்குவதைவிட இது மேல். உயிர் மிஞ்சும். அப்படித்தான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை, கையுறை போட்டு, நீளப் பிடிக் கத்திரியை முழங்கால் உயரத்தில் வைத்து அழுத்தினாள். முருங்கை மாதிரி மெத்தென்ற மரம். டக். அதே நொடி வீட்டுக்குள் சோற்றுப்பானை விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இராசாத்தி கொதிகஞ்சி நடுவில் நின்றுகொண்டிருந்தாள், கால் வெந்தது தெரியாமல், கண் திறந்தபடி. கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை. ஐந்து நிமிசம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

"தலை சுத்திருச்சுத்தா."

அந்த வாரம் முழுக்க மூடுபனி.

இரட்டைச் சடை போட்ட அன்று தமிழ்மதி அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்தார். கருமணி சுருங்கவில்லை. "வீட்டுகிட்ட ஊமத்தை இருக்கா? அந்தச் சாறு கைல பட்டுக் கண்ணைத் தேச்சிருப்பாங்க. உளறுவாங்க, ஆளை மறப்பாங்க. ரெண்டு மூணு நாள்ல இறங்கிரும்." தமிழ்மதிக்கு அழுகையே வந்தது, நிம்மதியில். விசம். படித்த விசயம். பஸ்ஸில் வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இராசாத்தி ஜன்னல் கண்ணாடி ஈரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

ரெண்டு மூணு நாள் போனது. இறங்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, குளித்துவிட்டு வந்த இராசாத்தி வயிற்றைக் காட்டி நின்றாள். "யாரு என்னைக் கீறுனா?" அடிவயிற்றில் வெள்ளை வெள்ளையாய்ப் பிரசவத் தழும்பு.

"நான் பொறந்தப்ப வந்ததும்மா அது."

இராசாத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ பெரியவ. எப்பிடி என் வயித்துல இருந்தே?"

வெள்ளிக்கிழமை அந்தத் தழும்பு இல்லை. தமிழ்மதி விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் தடவினாள். தோல் வழுவழுவென்று இருந்தது, யாரையும் சுமக்காத வயிறு. நெற்றி நரையும் இல்லை.

எந்த விசம் தழும்பை அழிக்கும்?

வெளியே போய், வெட்டி நின்ற அடிக்கட்டை முட்டின் முன்னால் குந்தினாள். வெட்டிய வாயின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒற்றைக் குருத்து. நாலு இலை. ஒன்றைக் கிள்ளிப் புரட்டினாள். அடி இரண்டு பக்கமும் சமம்.

அறைக்குள்ளிருந்து "எங்கம்மா எங்க?" என்று அம்மா அழுகிற சத்தம் கேட்டது. குரல் மெலிந்திருந்தது.

சனிக்கிழமை மாமனுக்குப் போன் போட்டாள். அழகர் பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டுகிறவன்.

"உங்கம்மா உன்னை அக்காங்குதா? அப்ப நான் உனக்கு என்னத்தா முறை, தம்பியா?" என்று சிரித்தான். அவள் விசும்பியதும் அவன் சிரிப்பு நின்றது. "சரி சரி, அழுவாத. மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம். வெரசா வந்துர்றேன். சாயங்காலம் அஞ்சு அஞ்சரை ஆகும், மேல ஒரே பனியா இருக்காம்."

வரிசையில் நாலாவதாக நின்ற அவன் செடியைப் பார்த்தபடி பேசியும், அவனிடம் செடியைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல. பி.எஸ்சி. படித்தவள்.

ஐந்து மணிக்குத்தான் அது பொறி தட்டியது. கீழே வெட்டினால் மறக்கும் என்றால், மேலே இருந்த கொம்பு மறக்கவில்லையே. அது பூத்த கொம்பு. அதைக் கொண்டுவந்து முட்டின்மேல் ஒட்டுக் கட்டினால், பிடித்தால், நினைப்பு இறங்குமா? வெட்டியதை எல்லாம் அன்றைக்கே எரித்தாயிற்று. ஒன்றைத் தவிர. மொட்டோடு இருந்த ஒரு கொம்பை ஃபவாஸ் அழகுக்காக வரவேற்பறையில் பித்தளை அண்டாவில் சொருகி வைத்திருந்தான்.

அம்மாவை வரிசைக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார வைத்தாள். "எங்கயும் போகாத. இங்கயே இரு."

"சரிக்கா."

பூட்டிக் கிடந்த பங்களாவுக்குள் ஜன்னல் வழியே ஏறிக் குதித்தாள். கெஸ்ட் இல்லாத நாள். அண்டாத் தண்ணீர் அழுகி நாறியது, ஆனால் கொம்பு உயிரோடு இருந்தது. தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாய் வேர்ப் புள்ளி விட்டிருந்தது. மேலே ஒரே ஒரு இலை. புரட்டினாள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பனி அதற்குள் பள்ளத்திலிருந்து ஏறி வேலியைத் தாண்டிவிட்டது. மரங்கள் இல்லை, லயம் இல்லை, பூ மட்டும் தெரிந்தது, அந்தரத்தில் தலைகீழாய். வாசனை கிளம்பிவிட்டது. நாக்கில் இனித்தது. கீழே மலைப்பாதையில், எங்கோ, ஒரு வண்டி கியர் மாற்றி ஏறுகிற முனகல்.

மாமா. வந்துவிட்டான்.

முட்டின்முன் மண்டியிட்டாள். கத்தியால் முட்டைப் பிளந்தாள். கொம்பை ஆப்பு மாதிரிச் சீவினாள். பிளவில் சொருகினாள். பொருந்தியது. தோலும் தோலும் ஒட்டி நின்றது. டேப்பை எடுத்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"அம்மா, இப்ப எப்பிடி இருக்கு?"

கல்லில் ஆள் இல்லை.

நீளப் பிடிக் கத்திரியும் வைத்த இடத்தில் இல்லை.

"அம்மா?"

இடது பக்கம், ஆறாவது செடிக்குப் பின்னால், பனியில் இரட்டைச் சடை. "நானும் அக்கா மாதிரி."

"அம்மா, வேணாம், அதை —"

டக்.

சின்னச் சத்தம். ஈரமான சத்தம்.

பூக்கள் மெதுவாகச் சாய்ந்தன.

கையில் ஏதோ ஒரு ரப்பர்ச் சுருள் இருந்தது. எதற்கு? கீழே போட்டாள். எதிரில் ஒரு குச்சி, மேலே சுற்றியும் சுற்றாமலும். தொட்டாள். விழுந்தது.

வெட்டுவாயில் தண்ணீர் கோர்த்து நின்றது.

பயமாக இருந்தது. எதைப் பார்த்துப் பயம் என்று தெரியவில்லை. வரிசை முனையில் ஒரு பலகை. அதில் கறுப்புக் கறுப்பாய் எறும்பு, வரிசையாக. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட நகரவில்லை.

புல்லில் எதுவோ மினுக்கி மினுக்கி அதிர்ந்தது. அதில் ஒரு மீசைக்காரன் படம். யார்? இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அது அணைந்தது.

"ஒம் பேரு என்ன?" என்றாள் சடை போட்டவள்.

யோசித்தாள். வரவில்லை. "தெரியல."

"எனக்குந்தான்."

கீழே பனிக்குள் இரண்டு விளக்கு. ஒன்றாகவே வந்தன. இடப்பக்கம் திரும்பின. மறைந்தன. வலப்பக்கம் வந்தன. இன்னும் மேலே. அழகாக இருந்தது.

"வா, சேந்து வெட்டுவோம். நீ அந்தப் பிடி, நான் இந்தப் பிடி."

பிளந்த முட்டைத் தாண்டி நாலாவது செடி. தடித்த அடிமரம். நாலு கை. உள்ளே எங்கோ, ரொம்ப ஆழத்தில், யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. பெரிய பொம்பளைக் குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை.

டக்.

கீழே பாதை திரும்பியது. விளக்குகள் திரும்பவில்லை. நேராக வந்தன. பாதை இல்லாத இடத்தில், பனிமேல், ஒரு நொடி அப்படியே மிதந்தன. பிறகு தலைகுப்புற, வெளிச்சம் மேகத்தின் வயிற்றைத் துழாவிக்கொண்டே, கீழே. இன்னும் கீழே. சத்தம் வர நேரமானது.

சடை போட்டவள் கைதட்டினாள். மற்றவளும் தட்டினாள்.

வரிசையில் இன்னும் எட்டுச் செடி நின்றது. பூவெல்லாம் தரையைப் பார்த்தபடி, காற்றில்லாமலே லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அடுத்து எது?" என்றாள் தமிழ்மதி.