ஏழாம் கூடாரத்தின் கதவு

காலைத் தேநீர் ஆறுவதற்குள் மாதங்கி நகரத்தை ஆயிரம் தடவை கொன்றுவிடுவாள். அதுதான் அவள் வேலை.

செவ்வாய்க் குடியிருப்பில் ஒவ்வொரு கதவுக்கும், காற்றுக்குழாய்க்கும், விளக்குக்கும் தனி மூளை உண்டு. அதிகாரம் செய்ய ஒரு தலைமை மூளை கிடையாது. தமக்குள் பேசி முடிவெடுக்கும். எதையும் கட்டுமுன் மாதங்கி அதன் வரைபடத்தை நிழல்நகர் என்ற கணினி மாதிரியில் ஓடவிட்டு, எங்கே ஆள் சாகிறான் என்று பார்ப்பாள்.

நிழல்நகரில், ஏழாம் கூடாரத்துக்குள் நுழையும் இரட்டைக் கதவறையில் ஆள் செத்தான். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால், காற்று வந்தபின் திறக்கலாம் என்று கதவு காத்திருந்தது. கதவு திறந்தபின் காற்று விடலாம் என்று குழாய் காத்திருந்தது. நடுவில் நின்றவன் மூச்சுமுட்டிச் செத்தான்.

திட்டத் தலைவர் குணாளன் முகம் சுளித்தார். "கதவையும் சோதிச்சாச்சு, குழாயையும் சோதிச்சாச்சும்மா. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"தனித்தனியா நல்லாத்தான் இருக்கு சார். சேர்ந்தா கொல்லுது. இப்பவே வரைபடத்துல ஒரு விதிய மாத்திட்டா போதும்."

"நல்ல காரியம் நடக்குற நேரத்துல சாவு, கீவுன்னு பேசாத."

வரைபடத்தை மாற்றாமலே கட்டினார்கள். திறந்த வாரமே புழுதிப்புயலில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. இரும்பு பற்றவைக்கும் தொழிலாளி அமலதாஸ் கதவறையில் மாட்டிக்கொண்டார். வெளியே மாதங்கி கடப்பாரையால் இடித்துக்கொண்டே இருந்தாள். கதவுக் கண்ணாடியை அந்தப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

விசாரணையில் இனியாவது கேட்பார்கள் என்று நினைத்தாள். குணாளன் எழுந்தார்.

"ஆறு கூடாரம் கட்டினோம், ஒண்ணும் ஆகல. இந்தம்மா வாய வச்சாங்க, ஆயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். நிழல்நகரை மூடி, கருநாக்குக்காரியைக் காய்கறிப் பண்ணைக்கு மாற்றினார்கள். எட்டாம் கூடாரம் அதே வரைபடத்தில் எழுந்தது. அதன் திறப்பு விழாவுக்குப் பண்ணையிலிருந்து ஒரு பூசணிக்காய் கேட்டார்கள், திருஷ்டி கழிக்க.

மாதங்கியே சுமந்து போனாள். கூட்டத்தின் நடுவே அதைக் குணாளன் கையில் திணித்தாள்.

"ரெண்டு கதவுக்கும் நடுவுல நின்னு உடைங்க சார். நான் மின்சாரத்த ஒரு தடவ அணைச்சுப் போடறேன்."

அவர் வாசலைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"வெளியில உடைச்சாலும் பலிக்கும்" என்றார்.

வெளியிலேயே உடைத்தார்கள். பிறகு வேலையாட்களை உள்ளே அனுப்பினார்கள்.