கனரகப் படிப்பின் எடை

நிறுவை நாற்காலியிலிருந்து எழுந்து வந்த மெர்சலின் அழுதுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற அவள் அப்பா ரொசாரியோ மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய இரண்டு தட்டுகளைத்தான் பார்த்தார். செலவுத் தட்டு தாழ்ந்து கிடந்தது. சம்பளத் தட்டு எங்கோ உயரத்தில் நின்றது. கனரக இயந்திரப் பராமரிப்புப் படிப்பு தேறாது என்று முடிவு. அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

தூத்துக்குடியில் என்றில்லை, எந்த ஊரிலும் இப்போது முன்நிறுவை போடாமல் யாரும் கல்லூரி வாசலை மிதிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், எடுக்கப்போகும் படிப்பையும் அதற்குப் பிறகான வாழ்க்கையையும் அரை மணி நேரத்தில் வாழ்ந்து பார்த்துவிடலாம். ஊரில் உள்ள அத்தனை பேரும் என்ன செய்வார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற கருவி அது. முடிவில் செலவு ஒரு தட்டிலும் சம்பளம் ஒரு தட்டிலும் ஏறும். விலை உள்ளது மட்டும்தான் தட்டில் ஏறும். மற்றதையெல்லாம் காட்டும், எடை போடாது. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? கல்யாணப் பட்டு எடுக்கப் போவதுபோல் சித்தி, மாமா, புளிச்சோற்றுப் பொட்டலம் என்று கும்பலாகப் போய் இறங்குகிறார்கள் சனங்கள்.

கும்பலாகப் போனாலும், உள்ளே பார்த்ததை யாரும் வெளியில் சொல்வதில்லை. படிப்பில் சேர்கிறவரைக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் கண் பட்டுப் பலிக்காமல் போய்விடும் என்று நம்பிக்கை. வருங்காலத்தையே ஒரு நாற்காலிக்குள் அடக்கிவிட்டார்கள், கண்ணேற்றைத்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மெர்சலின் அன்று இரண்டு படிப்புகளைப் போட்டுப் பார்த்தாள். முதலாவது அப்பா சொன்னது, கடல்நீர்க் கட்டுப்பாட்டியல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஓட்டுகிற படிப்பு. குளிரூட்டிய அறை, கை நிறையச் சம்பளம், சொந்த வீடு. அந்த வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது அவளே அடம்பிடித்துக் கேட்டது. துறைமுகத்துக் கிரேன்களைச் சின்ன வயதிலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தப் படிப்புக்குக் கட்டணம் ஒரு பக்கம், கருவிப்பெட்டி ஒரு பக்கம், பின்னால் வரும் முதுகுவலி வைத்தியம் ஒரு பக்கம். சம்பளமோ சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பழுதுபார்ப்பதில் பெரும்பகுதியைச் சீர்நண்டுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. உள்ளங்கை அளவு எந்திரங்கள் அவை, எஞ்சினுக்குள் ஊர்ந்துபோய்த் தாமே சரிசெய்துவிட்டு வெளியே வரும். அவை எங்காவது சிக்கிக்கொண்டால்தான் மனுஷக் கை வேண்டும்.

ஆனால் அந்த வாழ்க்கையில் கிளாட்வின் இருந்தான். கூடப் படித்தவன், பிறகு புருஷன். கிரேன் உச்சியில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். வாடகை வீடு, மழை வந்தால் ஒழுகும், கட்டிலை இங்கும் அங்கும் நகர்த்த வேண்டும். அந்தக் கட்டிலின் நடுவில் அனிலா படுத்திருப்பாள். முன்பல் விழுந்த பெண் பிள்ளை. அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் மெர்சலினின் காதில் அந்தச் சின்ன விரல்களின் சூடு இருந்தது.

பொறுப்பாளர் ஒரு கரைப்பான் மாத்திரையை நீட்டினார். அதைப் போட்டுக்கொண்டால் உள்ளே பார்த்தது மறந்துவிடும். ஆகாத படிப்பின் நினைவு எதற்கு என்று எல்லோரும் வாங்கி விழுங்குவதுதான் வழக்கம். மெர்சலின் வேண்டாம் என்றுவிட்டாள்.

வெளியே வராந்தாவில், அடுத்து உள்ளே போகவேண்டிய ஆளாக, கிளாட்வின் உட்கார்ந்திருந்தான். அதே ஒல்லி உடம்பு, அதேபோல் ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டிருந்தான். அவன் சீட்டிலும் அதே இரண்டு படிப்புகள்தான். யாரோ ஒரு பெண் என்பதுபோல் அவளைப் பார்த்தான். வேறு எப்படிப் பார்ப்பான், அவன் இன்னும் எதையும் பார்க்கவில்லையே. வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா ஜெனோவா இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பேசாம வா. பாத்தத யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது, என்ன?"

பிள்ளைக்குக் கண் பட்டுவிடுமோ என்ற பயம் மெர்சலினுக்கும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

கனரகம்தான் படிப்பேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாள். ரொசாரியோ திட்டினார், கெஞ்சினார், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தார். ஊரே நிறுவை சொன்னபடி கேட்கும்போது உனக்கு மட்டும் கொம்பு முளைத்திருக்கிறதா என்றார். சரி, காரணத்தையாவது சொல் என்றார். அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

"அப்படி என்னத்தட்டி அதுல பாத்த? கண்ணத் தொறந்துகிட்டே குழியில விழுவேங்கிற."

"விழுந்துட்டுப் போறேம்ப்பா. எனக்கு அங்கதான் போணும்."

முடிவை மீறிச் சேர்கிறவர்களுக்குக் கல்விக்கடன் கிடையாது. கடைசியில் ரொசாரியோ தன் படகை விற்றுக் கட்டணம் கட்டினார்.

முதல் நாள் வகுப்பில், காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெர்சலின் வாசலைப் பார்த்தாள். கிளாட்வின் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் ஆளைத் தேடுவது ஆகிற காரியமா, தெருவுக்கு இரண்டு கிளாட்வின் உண்டு. அவள் படித்தாள், தேறினாள், சீர்நண்டு சிக்கிய இடமெல்லாம் போய் எடுத்துவிட்டு வந்தாள். வேலை பிடித்திருந்தது. மழை பெய்தால் மட்டும் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அவள் வீடு ஒழுகாத வீடு.

ஒருநாள் கடல்நீர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. ராட்சதப் பம்பு ஒன்றுக்குள் நண்டு மாட்டிக்கொண்டு ஆலையே நின்றுவிட்டது. அதை எடுத்துப் பம்பை ஓடவிட்டு நிமிர்ந்தாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து நன்றி சொல்ல இறங்கி வந்தவன் கிளாட்வின்.

இந்த முறை அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. கேன்டீனில் உட்காரவைத்து, கிரேன் உச்சி, ஒழுகிய வீடு, அனிலா என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். அவன் டீயைத் தொடவே இல்லை.

"அந்தப் பொண்ணு நீங்கதானா?" என்றான் கடைசியில். "கடல்நீர் வகுப்புல ஒரு பொண்ணு வருவா, எங்களுக்கு ஒரு பிள்ளையும் உண்டுன்னு சொல்லிகிட்டே இருந்தேனாம். பரீட்சைக்குக் கூட ஒழுங்காப் படிக்காம வாசலையே பாத்துகிட்டு இருந்தேனாம். அம்மாதான் இழுத்துட்டுப் போயி கரைப்பான் குடுக்க வச்சாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா எதையோ தொலச்ச மாதிரியே இருக்கும், அது மட்டும் போகல."

அவள் ஏறியபோது அவன் முடிவு பதிந்திருக்கவில்லை, அவன் கனரகம் எடுப்பான் என்று கருவி ஊகித்திருந்தது. அவன் ஏறியபோதோ, கனரகம் தேறாது என்ற மெர்சலினின் முடிவு கருவிக்குள் ஏற்கெனவே பதிந்திருந்தது. தட்டை மீறுகிறவர்கள்தான் ஊரில் கிடையாதே. அதனால் கருவி அவளைக் கடல்நீர் வகுப்பில் உட்காரவைத்து அவனுக்குக் காட்டியிருக்கிறது. அவளை நம்பி அவன் அங்கே போனான், அவனை நம்பி அவள் இங்கே வந்தாள். வராந்தாவில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இப்போதுதான் பேசியாகிவிட்டதே. மெர்சலினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிளாட்வினும் சிரித்தான், நல்ல மனுஷன், கண்கூடக் கலங்கியிருந்தது. பிறகு, எல்லாக் கல்யாணத்துக்கும் இப்போது கேட்கிற அதே கேள்வியைக் கேட்டான்.

"எதுக்கும் ஒருவாட்டி நிறுவையில போட்டுப் பாத்துருவோமா? உங்க சம்பளம், என் சம்பளம், பிள்ள செலவு எல்லாம் சேத்து. நல்லபடியா வந்தா வீட்டுல பேசிருவேன்."

என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் சம்பளம், அவள் முதுகு, விற்ற படகு, எல்லாம் ஒரே தட்டில்தான் ஏறும். அவனும் ஊரைப்போல் முடிவுக்குக் கட்டுப்படுகிறவன், மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"சரி, போவோம்" என்றாள். உள்ளே போனால் அரை மணி நேரமாவது அனிலாவைத் தூக்கி வைத்திருக்கலாம்.